காபி எப்படித் தண்ணீராகும்?

...நேற்றுக் காலையே பதிவு போட்டாயிற்றே, குழாய்த் தண்ணீரில் கிருமி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று, சிவப்பு எழுத்தில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி, பிறகும் ஏன் எண்ணிக்கை ஏறுகிறது? மர்கெத்தாவுக்கு மண்டை காய்ந்தது. நகராட்சி சுகாதார அலுவலகத்தின் பேஸ்புக் பக்கம் அவள் பொறுப்பு. நேற்றுச் சாயங்காலம் வயிற்றுப்போக்கு பதினேழு பேருக்கு, இப்போது நாற்பத்தொன்று, பன்னிரண்டு மணிக்குக் கூட்டம், பதிவு தெளிவாக இல்லை என்று எல்லாரும் அவள் தலையில்தான் கட்டுவார்கள், வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள்... மூவாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள், ஊரில் மொத்தமே நாலாயிரம் பேர்தான், அந்த மிச்ச ஆயிரம் பேர்தான் நோயாளிகளா? இருநூறு பேர் கேட்டது ஒரே கேள்வி, சவ்னா என்கிற நீராவிக் குளியல் அறையின் அடுப்புக் கல்லில் அந்தத் தண்ணீரை ஊற்றலாமா என்று. உயிர் போனாலும் இவர்களுக்கு வேர்க்க வேண்டும். பதிலில் ஒரு சிரிப்பு முகம் வைக்க மேலதிகாரி டாக்டர் துவோமோவிடம் அனுமதி வாங்கவே நாற்பது நிமிடம்... ஒரு மிடறு காபி குடித்தாள், ஆறிப்போயிருந்தது, ஆனாலும் காபி காபிதான். அப்போதுதான் அந்தப் பின்னூட்டம் வந்தது, வெய்க்கோ, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற மனுஷன். "நேத்துலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி வாயில படல. வெறும் காபிதான், பத்து கப். அப்படியும் கக்கூஸை விட்டு எழுந்திருக்க முடியல. யார்கிட்ட காது குத்தறீங்க?" அதற்குத் தொண்ணூறு விருப்பம் வேறு! எரிச்சலோடுதான் கேட்டாள், காபி எதில் போட்டீர்கள் என்று. "மெஷின்லதான். பின்ன, பூட்ஸ்லயா போடுவேன்?"

மெஷின்... ஐயோ. அது எங்கே கொதிக்க வைக்கிறது, சூடாக்கிச் சொட்டவிடும், அவ்வளவுதான், ஐந்து நிமிடம் என்ன, ஐந்து விநாடி கூடக் கொதிக்காது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று எழுதினாயே, மண்டு, இந்த ஊரில் எவன் தண்ணீர் குடிக்கிறான்? ஓடிப்போய்ச் சொன்னாள், பதிவில் காபியையும் சேர்க்க வேண்டும் என்று. இருபது வருட அனுபவமுள்ள டாக்டர் துவோமோ, கையில் காபிக் கோப்பையோடு, புருவத்தை உயர்த்தினார். "காபி எப்படி, மர்கெத்தா, தண்ணியாகும்?" விளக்கினாள். "சரி சரி, போடு. ஆனா காபியை நிறுத்தச் சொல்லிடாத, ஊரே சண்டைக்கு வந்துடும்." அவள் பெருமிதத்தோடு உட்கார்ந்து தட்டினாள், காபித் தண்ணீரையும் முதலில் கொதிக்க வையுங்கள், இதுவரை பாதிக்கப்பட்டோர் நாற்பத்தொன்று... பழக்கதோஷத்தில் கை கோப்பையை எடுத்தது, உதடு வரை வந்து நின்றது. ஜன்னலோரத்து மெஷினை இன்று காலையில் யார் நிரப்பினார்கள்? அவளேதான், குழாயைத் திறந்தது, ஜில்லென்று விரலில் பட்டது, நேற்றும் அப்படித்தான்... எத்தனை கோப்பை, ஆறா, ஏழா? வயிறு கடமுட என்றது. பயமா, அதுவா? நாற்பத்தொன்றை அழித்து நாற்பத்திரண்டு ஆக்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த அறையில் நாற்காலி தடாலென்று பின்னால் போயிற்று, டாக்டரின் காலடிச் சத்தம் நடைக்கூடத்தில் ஓடியது. இந்த மாடியில் கழிப்பறை ஒன்றுதான்.