கட்டைவிரலில் பிடித்த மொட்டு

ஒட்டுக்கட்டுபவர் இருபத்தோராம் நாள் நாடாவை அவிழ்த்தபோது அவருடைய இடது கட்டைவிரலில் இரண்டு பீச் இலைகள் இருந்தன. தப்பு அவருடையதுதான். புயலில் சாய்ந்த தாய்மரத்தில் உயிரோடு மிஞ்சியது ஒரே மொட்டு. கொட்டையை ஊன்றலாம் என்றால், தாயைப் போல பிள்ளை என்ற பேச்சுக்கு பீச் எப்போதும் கட்டுப்படுவதில்லை. தேன்கன்னம் என்ற அந்த ரகமே வேண்டுமானால் மொட்டைச் சீவி வேறொரு மரத்தின் பட்டைக்குள் செருகி, காய்வதற்குள் இறுக்கிக் கட்ட வேண்டும். அவசரத்தில் கத்தி விரலையும் கீறிவிட்டது. மரத்துக்கு ஒரு கட்டு, விரலுக்கு ஒரு கட்டு போட்டார். மொட்டு எதற்குள் போனது என்று பார்க்கவில்லை.

டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். “இப்பவே வெட்டிடலாம். விட்டா வேர் தோளுக்கு ஏறிடும்.”

“வெட்டினா ரகம் போச்சு, விட்டா கை போச்சு. நல்லாத்தான் கட்டினீங்க போங்க!” என்றாள் மனைவி.

அவர் ஒரு வருடம் தவணை கேட்டார். அந்தக் குளிர்காலம் பார்த்துக் குளிரவே இல்லை. எண்ணூறு மணிநேரம் குளிரில் உறங்காமல் தேன்கன்னம் கண் விழிக்காது. ஆகவே பழக்கிடங்கின் குளிர்அறைக் கதவில் ஓட்டை போட்டு, கையை உள்ளே நீட்டி, தினம் எட்டு மணிநேரமாக நூறு நாள் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு ஊட்டினாள். “கைக்குத்தான் தூக்கம், வாய்க்கு ஒரு குறையும் இல்ல” என்றாள்.

வசந்தத்தில் விரல் பூத்தது. கோடையில் விரலில் நீண்டிருந்த குச்சி முழுக்க ஒட்டுக்கு ஏற்ற மொட்டு. வேர் முழங்கையைத் தாண்டியிருந்தது. ஒற்றைக் கையால் ஒட்டுக்கட்ட முடியாது. இருபது வருடமாக யாரையும் தொடவிடாத கத்தியை மனைவியிடம் நீட்டினார்.

“மெதுவா...”

“மரம் பேசாதுங்க. சும்மா இருங்க.”

பதினோரு மொட்டு, பதினோரு மரம், ஒன்றுகூடத் தவறவில்லை. மறுவாரம் டாக்டர் குச்சியை வேரோடு, பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினார். விரல் பிழைத்தது, ரேகை மட்டும் வேரோடு போய்விட்டது. மூன்றாம் வருடம் காய்த்த பழங்களில், ரோமத்தைத் துடைத்தால், ஒவ்வொன்றிலும் அந்த ரேகை இருந்தது.

இப்போது பத்திரப் பதிவுக்கு இடது பெருவிரல் ரேகை கேட்டால் அவர் ஒரு பழத்தைக் கொண்டுபோகிறார். குமாஸ்தா அதை மையில் உருட்டிப் பதித்துக்கொள்கிறார். பருவம் இல்லாத மாதம் என்றால், “காய்க்கட்டும் அண்ணே, அப்புறம் வாங்க” என்று பத்திரத்தை எடுத்து வைத்துவிடுகிறார்.