எர்னிக்குப் பதிலாக

பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள் லொரெய்ன். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அரை இஞ்ச் ஸ்பானர் எடு, எர்னி."

இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவர். காலையில் வந்த நர்ஸ் மோரா, மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்துவிட்டது, இன்றைக்குத் தாண்டாது, யாருக்காவது சொல்வதானால் சொல்லிவிடுங்கள் என்று மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தம்பி கீத் பிரிஸ்டலிலிருந்து காரில் கிளம்பியிருந்தான். வழியெல்லாம் மழை, நாலு மணியாகிவிடும் என்று போன் செய்திருந்தான்.

எர்னி செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வட இங்கிலாந்தில் டார்வென் ஊரில் ஒரு லாரிக் கம்பெனியின் ஷெட்டில் அப்பா ஹெர்பர்ட் டக்வொர்த் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தார். அத்தனை வருஷமும் லாரிக்கு அடியில் எதிர்ப்பக்கம் படுத்திருந்தவர் எர்னி. ஒருமுறை லாரியின் ஸ்பிரிங் கட்டு நழுவி விழுந்து எர்னியின் வலது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. மீதி மூன்று விரலோடு அதே ஷெட்டில் வேலை பார்த்தே ரிட்டயர் ஆனார்.

லொரெய்னுக்கும் அந்த ஷெட் தெரியும். பதினாறு வயதில் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். மெக்கானிக்குகள் கிறுக்கிக் கொடுக்கும் வேலைச் சீட்டுகளைச் சுத்தமாக அடித்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஷெட். லேலண்ட் ஆக்டோபஸ் லாரி வரும், ஸ்காமெல் லாரி வரும். அப்பாவுக்குப் பிடித்தது கார்ட்னர் என்ஜின் போட்ட எட்டுச் சக்கர ஃபோடன். அவள் சீட்டில் அடித்ததையெல்லாம் ஜன்னல் வழியே கண்ணால் பார்த்தாள். ஆறே மாதத்தில், தூரத்தில் வரும் லாரியின் சத்தத்தை வைத்தே அதில் என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தாள். ஷெட்டில் சிரித்தார்கள், ஆனால் அவள் சொன்னதைச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் ஷெட்டுக்குப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் விண்ணப்பத்தை நிரப்பி, ஃபோர்மன் கிராப்ட்ரீயிடம் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் தந்தாள். ஒரு வாரம் கழித்து அப்பா சாப்பிட்டுக்கொண்டே, பொம்பளப் பிள்ளையை எடுக்க மாட்டார்களாம் என்றார். அடுத்த மாதமே அவள் கம்பெனியை விட்டு, கடைத்தெருவில் இருந்த சேமிப்பு வங்கியில் சேர்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான். தெருவில் கிராப்ட்ரீ எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். ஒருமுறை அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னதைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

"டீசல்ல காத்துப் புகுந்திருச்சு" என்றார் அப்பா. "என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?"

அவர் சொல்வதை மறுத்துப் பேசாதீர்கள் என்று மோரா சொல்லியிருந்தாள். லொரெய்ன் குச்சியைத் தட்டில் வைத்தாள்.

"இந்தா, பெர்ட்" என்றாள்.

ஷெட்டில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. போர்வையின் விளிம்பைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டார். என்ன செய்கிறார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கார்ட்னர் என்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு சின்ன லீவர்கள் இருக்கும். காற்று போகும்வரை ஒவ்வொன்றையும் கையால் அடிக்க வேண்டும். காற்று போய்விட்டால் உள்ளே கர்ரென்று ஒரு சத்தம் கேட்கும்.

"ஒண்ணு" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள்.

இரண்டு. மூன்று. மூன்றாவதோடு விரல் நின்றது. மூச்சும் நின்றது போலிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அந்த ஃபாரத்த நான் குடுக்கல, எர்னி."

"எந்த ஃபாரம்?"

"லொரெய்னோடது. ஃபோர்மன் ரெண்டு தடவ கேட்டாரு, உன் பொண்ணு எழுதித் தர்றதாச் சொன்னாளே, எங்கன்னு. அவ மனசு மாறிட்டான்னு சொல்லிட்டேன்."

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. லொரெய்ன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் பெர்ட்?"

அவர் கை போர்வை மேல் துழாவி அவள் வலது கையைக் கண்டுபிடித்தது. கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். சுண்டுவிரலை இரண்டு முறை தொட்டார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. "நாலாவத அடிக்கணும்" என்று அவளே சொன்னாள். அவர் விரல் அசையவில்லை. அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து அவளே அழுத்தினாள். நாலு. அஞ்சு. ஆறாவது கொஞ்சம் தாமதமாயிற்று.

"ஸ்டார்ட் பண்ணியாச்சு, பெர்ட். ஓடுது."

அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார்.

"மெதுவா ஓடட்டும். ஆக்சிலரேட்டரத் தொடாத."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்று மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

மோராவுக்குப் போன் செய்தாள். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். கீத் நாலேகாலுக்கு ஈரக் கோட்டோடு ஏறி வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அவள் கீழே தேநீர் போட்டாள்.

சமையலறையில் அவன் கேட்டான், "கடைசியில ஏதாவது சொன்னாரா?"

"வேலையப் பத்தித்தான்."

"என்னப் பத்திக் கேட்டாரா?"

"வந்துட்டானான்னு கேட்டார்" என்றாள். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சாவுக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை அவன் ஒரு கவரின் பின்புறம் எழுத ஆரம்பித்தான். பாதியில் அவள், கிராப்ட்ரீயின் மனைவி இன்னும் போல்ட்டன் ரோட்டில்தானே இருக்கிறாள் என்று கேட்டாள். கீத் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த ஆளு வீட்டுக்கா? நீதான் அவர் பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவியே."

"எழுத வேணாம். நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்."

வெளியே மழை விட்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஆவி படிந்திருந்ததால் அவள் பின்கதவைத் திறந்து வைத்தாள். கீழே, மேடேறும் சாலையில் ஒரு பெரிய லாரி பாரத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. நிலைப்படியில் நின்று கேட்டாள். டிரைவர் கியரை மாற்றினான். கொஞ்சம் தாமதம், சத்தத்திலேயே தெரிந்தது.