மூக்கில் ஈயம் வைக்காத விமானம்

மூலக்குளம் இராஜவேல் எட்டு மாதம் பாடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக் போர் விமானம், வைகாசி இரண்டாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு மேசையை விட்டு எழும்பி, கூடத்து மின்விசிறியின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டது. நல்லவேளையாக அப்போது மின்தடை. அன்றைய வெயில் நூற்றுநான்கு டிகிரி.

அது ஒரு சாண் அகலமுள்ள ஜப்பானிய விமானம். சுழல்விசிறி வாலிலும் சிறிய இறக்கை மூக்கிலுமாக அமைந்த அதன் அசல், இரண்டாம் உலகப் போர் முடியுந்தறுவாயில் மூன்றே முறை பறந்தது. எல்லோருக்கும் தெரிந்த விமானங்களை இராஜவேல் டவுன் பஸ்ஸுக்குச் சமமாகவே மதித்தார். இத்தகைய விமானத்துக்குப் பின்பாரம் அதிகம்; ஆகவே உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் மூக்கினுள் ஈயம் வைக்க வேண்டும், இல்லையேல் வால் தரையில் குந்திவிடும். தேங்காய்த்திட்டு மீனவர்களிடம் வாங்கிய வலை ஈயத்தை அவர் எடுத்துத்தான் வைத்தார், சட்டைப் பையில். வர்ணமும் காய்ந்த பிறகே அது நினைவுக்கு வந்தது. வால் குந்தும் என்று அஞ்சினார், விமானமோ எழும்பிவிட்டது.

தெரு திரண்டு வந்தது. "மில்லுல எத்தினி மெஷின ஓட வச்ச ஆளு நீ, ஒரு ப்ளேன எறக்கத் தெரில?" என்றார் பழைய ஆலைத்தோழர் கோவிந்தசாமி. டேப்புடன் வந்த விமானத்துறை அதிகாரி ஒருவர், ஒன்பதடி என்று அளந்து, கூரைக்குக் கீழே பறப்பவை தம் துறையில் அடங்கா என எழுதிவிட்டு, தேநீர் அருந்திச் சென்றார். கதிர்காமம் மருத்துவமனையில் வார்டு வேலை முடித்துத் திரும்பும் மனைவி கலைவாணி, விமானத்துக்காக நிறுத்திவைத்த மின்விசிறியின் கீழ் அமர்ந்து, அவ்விமானம் வந்த அட்டைப்பெட்டியின் மூடியால் மூன்று நாள் விசிறிக்கொண்டாள். நான்காம் நாள் பேசினாள்.

"ஏங்க, நானா அதுவா? மூக்க அறுத்து ஈயத்த வச்சி எறக்குங்க. இல்லன்னா எங்கக்கா வூட்டுக்குப் போறேன். அங்க ஏசி கீது."

"அறுத்தா தழும்பு தெரியும், கலை."

"எனக்குந்தான் மூக்கு குத்துனாங்க. செத்தா பூட்டேன்?"

பை கட்டி வாசலில் இருந்தது. இராஜவேல் பிளேடுடன் ஸ்டூலில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு விமானத்தின் மூக்கைத் தொட்டார். வாலில் இருந்த சுழல்விசிறி சுற்றத் தொடங்கிற்று. வால்பக்கம் நின்ற கலைவாணியின் முந்தானை பறந்தது.

"கொஞ்சம் இருங்க," என்று அவள் அமர்ந்தாள். சற்றுக் கழித்து, "இன்னும் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா?" என்றாள்.

மின்விசிறியைக் கழற்றி மூன்று கோடைகள் கழிந்தன. மின்தடையிலும் காற்று வருகிறது. விருந்தினரை வால்பக்கம் அமர்த்துவது அவ்வீட்டு மரியாதை. தம் பிழைக்கு வெட்கி இராஜவேல் பின்னர் ஒட்டிய ஐந்து விமானங்களிலும் மறவாமல் ஈயம் வைத்தார். அவை மூன்று சக்கரங்களில் ஒழுங்காக மேசைமேல் நிற்கின்றன. ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. ஆறாவது பெட்டி சென்ற வாரம் வந்தது. ஈயப் பொட்டலத்தை அவர் வெள்ளிக்கிழமை முதல் தேடுகிறார். அது கலைவாணியின் கைப்பையில் இருக்கிறது. படுக்கையறையில் புழுக்கம் அதிகம்.