தலை வார்க்காத குதிரை

விடிவதற்கு இன்னும் அரைமணி இருந்தது. பாலவாக்கத்துப் பட்டறையில் உலை அதற்குள் ஒரு மணி நேரமாகச் சீறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஆறு பேர் வேர்த்து ஒழுகினார்கள். நூர் முஹம்மது நீளக் கம்பியால் மூசைப் பானைக்குள் உருகும் வெண்கலத்தைக் கிளறி, மேலே மிதந்த கசடை வழித்து எறிந்தார். மூடியைத் திறக்கும்போதெல்லாம் பச்சை நெருப்பு எழுந்தது. புகை தொண்டையில் ஒரு கெட்ட இனிப்பாக ஒட்டியது.

பள்ளத்தில் புதைத்திருந்த மண்ணச்சைச் சுற்றி மணலை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தாள் ரத்னா. அச்சுக்குள் வார்க்க வேண்டியது ஒரு குதிரையின் தலை.

சாதாரணக் குதிரை இல்லை. கிண்டி மைதானத்தில் தொடர்ந்து பதினொரு பந்தயம் ஜெயித்த சில்வர் மான்சூன். அதன் முதலாளி தன் மாளிகை வாசலில் அதை வெண்கலத்தில் நிறுத்த ஆசைப்பட்டார். அடியில் பதிக்கும் பலகைகூடத் தயார்: சிற்பி சுஹாஸ்.

பட்டறையின் சொந்தக்காரரான சுஹாஸ் செய்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு களிமண் பொம்மை. அதிலும் ஒரு கால் குட்டை. அதைத் திருத்தி, ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்தவர் பட்டறையின் மூத்த வார்ப்பாளர் மெஹபூப் அலி. கழுத்து நரம்பையும் மூக்கின் விரிவையும் மெழுகில் நகத்தாலேயே எடுத்தவள் ரத்னா. ஓடி முடித்த குதிரை எப்படி மூச்சு வாங்குகிறது என்று பார்க்கப் பத்து நாள் விடிகாலையில் கிண்டி வேலியோரம் நின்றவள் அவள். சுஹாஸோ பத்திரிகைக்காரர்களிடம், "குதிரையோடு நான் பேசினேன், அது என் விரல்வழியாகப் பதில் சொன்னது" என்று சொல்லியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது மெஹபூப் அலிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மெஹபூப் அலி இன்றைக்கு இல்லை. நாலு நாளாக இல்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகு உருவத்தின்மேல் மண்ணை அப்பி, மெழுகை உருக்கி வடித்த பிறகு அந்த அச்சை நாலைந்து நாள் சுட்டு உலர்த்துவார்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கினாலும் போதும், கொதிக்கும் வெண்கலம் பட்டதும் அது ஆவியாகி அச்சைப் பிளந்துவிடும். அதனால் வார்ப்பதற்கு முன் ரத்னா அச்சின் மூச்சுத்துளைமேல் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்ப்பாள். பனி படர்ந்தால் ஈரம். வார்ப்பவர் "காஞ்சிச்சா?" என்று கேட்பார். தலையாட்டினால் செல்லாது, அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூசை நகரும்.

போன திங்கட்கிழமை குதிரையின் நெஞ்சை வார்க்கும் முறை. இரண்டு நாள்தான் சுட்டிருந்தார்கள். கண்ணாடியில் பனி படர்ந்தது. சுஹாஸ் அதைப் பிடுங்கித் தன் கைக்குட்டையால் துடைத்து, "கடல் காத்து ரத்னா, இங்க எந்தக் கண்ணாடிதான் வேர்க்காது? திறப்பு விழாவுக்கு நாளே இல்ல" என்றார். மெஹபூப் அலி மூசையைத் தூக்கும் கவட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காஞ்சிச்சா தங்கச்சி?"

"காஞ்சிச்சு பாய்" என்றாள் ரத்னா.

அச்சு வெடித்தது. வெண்கலம் தெறித்து மெஹபூப் அலியின் வலது கையிலும் மார்பிலும் ஓடியது. சுஹாஸ் தன் காரிலேயே அவரைக் கொண்டுபோனார், அது உண்மை. கொண்டுபோகும் முன் சீட்டில் நாளிதழை விரித்தார், அதுவும் உண்மை. ஆஸ்பத்திரியில், வீட்டில் வடை சுடும்போது எண்ணெய் கொட்டிவிட்டதாக எழுதவைத்தார். மெஹபூப் அலியின் மனைவி குல்சுமையும் அப்படியே சொல்லவைத்தார். மறுநாள் பட்டறைக்கு ஆறு பொட்டலம் பிரியாணி அனுப்பினார். சாயங்காலம் ரத்னாவைத் தனியாகக் கூப்பிட்டு, "காஞ்சிருச்சுன்னு சொன்னது நீங்கதான். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், கவலைப்படாதீங்க" என்றார்.

ரத்னா தினமும் கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், எதையும் சொல்லாமலே திரும்பினாள். அந்த ஆளையும் வெறுத்தாள், தன்னையும் வெறுத்தாள்.

வெளிச்சம் வந்ததும் சுஹாஸின் கார் வந்தது. அவர் இறங்குவதற்கு முன்பே அத்தர் வாசனை இறங்கியது. கையில் ஒரு காகிதம்.

"எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. சும்மா ஃபார்மாலிட்டி."

மெருகு போடும் தஹ்சீன் வாங்கி உரக்கப் படித்தாள். திங்கட்கிழமை மெஹபூப் அலி பட்டறைக்கு வேலைக்கு வரவே இல்லை என்று எழுதியிருந்தது.

நூர் முஹம்மது கம்பியைக் கீழே வைத்தார். "இன்னா சார் இது? பாய் இங்கதானே வெந்தாரு?"

"நூர் பாய், அவர் என் ஃபிரெண்ட். பார்க்க வந்தார். நீங்க யாருமே என்கிட்ட வேலைக்காரங்க இல்லயே? ஆர்ட்டிஸ்ட்ஸ். கலைஞர்கள். ஒரு நாளாவது உங்கள லேபர்னு சொல்லியிருக்கேனா?"

"அப்போ பலகையில எங்க பேரும் வருமா சார்?" என்று கேட்டாள் தஹ்சீன்.

சுஹாஸ் சிரித்தார். "அது வேறம்மா. கற்பனை என்னோடது. நீங்க பண்றது கூலி வேலைதானே."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். போன வருஷம் சில்வர் மான்சூனுக்குக் கால் சுளுக்கியபோது டாக்டர் விமானத்தில் பறந்து வந்ததை இதே இடத்தில் நின்றுதான் அவர் வாய் வலிக்கச் சொன்னார். மெஹபூப் அலிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார்.

"சரி, அதெல்லாம் அப்புறம். முதல்ல தலைய வார்த்துடுங்க. மெட்டல் ரெடியாயிடுச்சு."

இந்த அச்சுக்கும் இரண்டு நாள் சூடுதான். நூர் முஹம்மது கவட்டையைப் பிடித்தார். எதிர்முனையை இன்னொருவர் பிடித்தார். ரத்னா மூச்சுத்துளைமேல் கண்ணாடியை நீட்டினாள். அரை நிமிஷத்தில் பனி படர்ந்து அவள் முகம் அதில் மறைந்துபோயிற்று.

சுஹாஸ் பக்கத்தில் வந்து குனிந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க ரத்னா. திங்கட்கிழமை நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு."

"காஞ்சிச்சா ரத்னா?" என்று கேட்டார் நூர் முஹம்மது.

"ஈரம் பாய்." அவள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "அன்னிக்கும் ஈரம்தான். என் கண்ணால பார்த்தேன். இந்தாளு தொடச்சாரு. வேலை பூடும்னு பயந்துகினு நான் காஞ்சிச்சுன்னு சொல்ட்டேன். அலி பாய் என்னை நம்பித்தான் தூக்குனாரு."

தஹ்சீன் வாயைப் பொத்திக்கொண்டாள். நூர் முஹம்மது ரத்னாவை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. ஆனால் அவர் கவட்டையை விட்டுவிட்டு நேராகப் போய் உலையின் வாயுக்குழாயை மூடினார். இரைச்சல் நின்றது. தெருவுக்கு அப்பால் கடல் அடிப்பது கேட்டது.

"என்ன பண்றீங்க? மெட்டல் உள்ளயே உறைஞ்சிடும்! மூசையே போயிடும்!"

"போவட்டும் சார். மூசை கடையில கெடைக்கும். கை கெடைக்காது" என்றார் நூர் முஹம்மது.

"வேற ஊர்லேருந்து நாளைக்கே ஆள் இறக்குவேன். உங்களுக்கு இந்த ஊர்ல எங்கயும் வேலை கிடைக்காது, பார்த்துக்குங்க!"

"இறக்கு சார். அவங்களுக்கும் இன்னா நடந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் மறுவேலை."

தஹ்சீன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சுஹாஸ் கை நீட்டினார். அவள் அசையவில்லை. நெஞ்சும் தலையும் இல்லாமல் நின்ற குதிரையைத் தாண்டி ஆறு பேரும் வெளியே போனார்கள்.

மண் அப்பிய துணியோடே பஸ் ஏறி அவர்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. வார்டு வாசலில் குல்சும் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்னா அவளுக்கு எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

குல்சும் ஃபிளாஸ்க்கில் இருந்த தண்ணீரை மெதுவாகக் கொட்டினாள்.

"நாலு நாளா நீ கொண்டாந்த கஞ்சியத்தான் அவருக்கு ஊட்னேன். இதைச் சொல்ல உனுக்கு வாய் வரலியா?"

ரத்னா தலை நிமிரவில்லை.

"உன்னை நான் மன்னிக்கமாட்டேன், ரத்னா." குல்சும் ஃபிளாஸ்க்கை மூடினாள். "நானும்தான் எண்ணெய்னு பொய் சொன்னேன். அந்தாளு சொல்லச் சொன்னான், சொன்னேன். வா, ரெண்டு பேரும் போய் மாத்திச் சொல்லுவோம்."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அறையில் ஒரு வயதான ஏட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"எண்ணெய்னு எழுதி முடிச்சாச்சேம்மா. அவரு பெரிய இடம். இதெல்லாம் நிக்குமா? யாரு சாட்சி?"

"நான்" என்றாள் ரத்னா.

"நானும்" என்றார் நூர் முஹம்மது. தஹ்சீன் மடித்த காகிதத்தை மேசைமேல் விரித்தாள். மற்ற மூவரும் வாசலை நிறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஏட்டு அந்தக் காகிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். "நீங்கள்லாம் இன்னா வேலை பாக்குறீங்க?"

ரத்னா நிமிர்ந்தாள்.

"குதிரை செய்றோம் சார். ஆறு பேரு. உள்ள படுத்துனு கீறாரே, அவரோட ஏழு."