புளி போட்டுத் தேய்த்த காசு

பதினொரு மணிக்குப் பேராசிரியை வளர்மதி விழுப்புரத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு நான் கூடத்துக்கு வந்தபோது, என் காசுகளெல்லாம் எவர்சில்வர் தட்டில் செக்கச்செவேலென்று மின்னிக்கொண்டிருந்தன.

செஞ்சி கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். பழைய செம்பை எடைக்கு வாங்குவோம். குடத்துக்குள் சில சமயம் காசு கிடக்கும். உருக்கப் போகிற குவியலிலிருந்து அவற்றைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். முழுசான காசில் எனக்கு நாட்டமில்லை. அச்சு விலகியது, கழுத்தில் கோத்துக்கொள்ள ஓட்டை போட்டது, விளிம்பு வெட்டுப்பட்டது, இவற்றை மட்டும் விட மனம் வராது. தேய்ந்த காசைத் தடவினால், எனக்கு முன்னால் அதைத் தடவியவர்கள் எத்தனை பேர் என்று தோன்றும்.

அதில் ஒரு சின்னக் காசு. முன்பக்க உருவத்தில் பாதி விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. பின்பக்கம் மூன்று எழுத்துகள். பள்ளத்தில் படிந்த கறுப்பால், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர். இதைக் கடைத்தெருவில் சொன்னதும் எதிர்க்கடை பச்சைமுத்து, "செல்லாக்காசுக்கு இவ்ளோ பில்டப்பா?" என்று சிரித்தான். எங்கள் வீட்டு வார்த்தையைக் கேட்டு அதுவரை யாரும் சிரித்ததில்லை. பழங்காசுகளை ஆராயும் வளர்மதிக்குப் போட்டோ அனுப்பினேன். கறுப்புதான் தெரிகிறது, நேரில் வருகிறேன் என்றார். அதே நேரத்துக்குப் பச்சைமுத்துவையும் வரச் சொன்னேன்.

"யார் இதைத் தொட்டது?"

மருமகள் ஜெயஸ்ரீ ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "நான்தான் மாமா. நேத்து சாயங்காலமே புளியில ஊறப்போட்டேன். காலேஜ் மேடம் வர்றாங்க, கன்னங்கரேல்னு இருந்தா நம்ம வீட்டுக்குத்தான அசிங்கம்? வந்தவங்க முன்னாடி வெக்கிறது மின்னணும்னு நீங்கதான சொல்வீங்க."

சொல்வேன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், மங்கிய சொம்பில் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டவன் நான்.

காசை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்தேன். திருப்பிச் சாய்த்தேன். வழவழவென்று செம்பு மட்டும்தான் இருந்தது.

அடுத்துச் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு ஒரே சீராக அப்பிக்கொண்டது; எழுத்து வரவில்லை. பத்தேமுக்காலுக்குத் தையல் ஊசியை எடுத்தேன். மூன்று எழுத்தும் எனக்கு மனப்பாடம். ஊசிமுனையைக் காசில் வைத்தேன். முதல் எழுத்து எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடினேன்.

"மாமா, வேணாம்." ஜெயஸ்ரீ கதவோரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் தேச்சுட்டேன்னு நானே சொல்லிடறேன். என்னத்தான பேசுவாங்க. பேசிட்டுப் போவட்டும்."

பச்சைமுத்து இவளைப் பற்றிக் கடைத்தெரு முழுக்கப் பேசுவான். ஊசியைப் போட்டுவிட்டுக் கரியைத் துடைத்தேன். "நீ உள்ளயே இரும்மா," என்றேன்.

பதினொரு மணிக்குப் பேராசிரியையும் பச்சைமுத்துவும் வந்தார்கள். வளர்மதி லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து எங்க ஐயா?"

"இருந்திச்சும்மா. பளிச்சுனு இருக்கட்டும்னு நேத்து நான்தான் புளி போட்டுத் தேச்சேன்."

பச்சைமுத்து தொடையைத் தட்டினான். "இன்னாயா சம்பந்தம், நாப்பது வருஷமா காசு சேக்கறவன் புளி போட்டியா? அப்படியே ரசம் வெச்சிருக்கலாமே."

வளர்மதி சிரிக்கவில்லை. காசை எடை போட்டார். 'பின்பக்கம்: எழுத்துகள் இல்லை' என்று நோட்டில் எழுதி, உரிமையாளர் கையெழுத்துக்காக என் பக்கம் நீட்டினார். உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

வீ. சம்பந்தம் என்று போட்டேன். அப்பா வீராசாமிக்கான 'வீ' மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது.