பிறெடிக்காகத் திரண்ட ஒன்பது பேர்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றுக்கு யாரும் இல்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்! புருசன் பிறெடிக்கு நுரையீரலில் கென்சர், ஒப்பரேஷன் என்றதுமே அவனோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒன்பது பேரைத் திரட்டிவிட்டாள். கேட்டால் உடனே கொடுக்க அவர்கள் இரத்தத்தோடு தயாராய் நிற்க வேண்டும். வேறு யாருக்கும் ஒரு சொட்டும் கிடையாது. மூன்று நாளாக அவர்களுக்கு ஈரலும் பீட்றூட்டும் சமைத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முற்றத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்தாள்.

கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து இரண்டு நாளாயிற்று. ஒரு பைன்ற் இரத்தம்கூட ஏற்றவில்லை. பிறெடியோ வெள்ளைத்தாள் மாதிரி வெளிறிப்போய்க் கிடந்தான்.

"ஏன் டொக்டர், எங்கட ஆக்கள்ட ரத்தம் சரியில்லையா?" பிறிஜெற்றுக்குக் கோபம் கோபமாய் வந்தது.

டொக்டர் ஷிம்னா சிரித்துவிட்டாள். "அப்பிடியில்ல அன்ட்டி. இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு ரத்தம் ஏத்தினவங்களுக்கு கென்சர் திரும்பி வாறது அதிகம் எண்டு சில ஆராய்ச்சி சொல்லுது. ரத்தத்தாலதானா எண்டு இன்னும் நிச்சயமில்ல. ஆனா தேவையில்லாம ஏன் ஏத்தவேணும்? அங்கிள் அந்த ஜன்னல்வரைக்கும் நடக்கட்டும். ஏலாட்டி இண்டைக்கே ஏத்துவம்."

இருபது அடி இருக்கும். பிறெடி ஒரு கையில் நெஞ்சில் செருகியிருந்த குழாயின் போத்தலைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். பிறிஜெற் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தோனியாரே, இவர் விழுந்திடக்கூடாது. பாதி வழியில் நின்றுவிட்டான். அவள் ஓடப்போனாள், டொக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் மூச்சு வாங்கினான், இருமினான், பிறகு காலை எடுத்து வைத்தான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தே விட்டான்! டொக்டர் அவன் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். "ஒட்சிசன் தொண்ணூத்தி அஞ்சு. நாடித்துடிப்பும் நல்லம். ரத்தம் தேவையில்ல."

பிறிஜெற்றுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. போனை எடுத்து முற்றத்தில் நின்ற ஒன்பது பேரில் ஒருவனான செபஸ்தியனை அழைத்தாள்.

"செபஸ்தியன், இவருக்கு வேணாமாம்! நீங்கள் எல்லாரும் போய்க் குடுங்கோ."

"பிறெடிக்கு வேணாமெண்டா பிறகு யாருக்கு அக்கா?"

"யாருக்கெண்டா என்ன? வேணுமெண்டு ஆரோ கிடப்பினம். போங்கோ!"

கீழே ஒன்பது பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரத்த வங்கிப் பக்கமாய் நடந்தார்கள். பிறெடி தையலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி, வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டு, கடைசி ஆள் உள்ளே போகும்வரை ஜன்னலிலேயே நின்றான்.