மூன்றாம் ராடும் நான்காம் ராடும்

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மர்சலினும் கரீமுல்லாவும் பத்து வருஷமாகக் கூட்டாகக் கார் பட்டறை நடத்தினார்கள். எழுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை வெயில். மர்சலினின் மனைவி ஃப்ளோரன்ஸ் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் இரவெல்லாம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வந்துவிடுவார்.

லஸ் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டும் சிதம்பரநாதனின் அம்பாசிடர் நாலு நாளாகப் பட்டறையில் நின்றது. புகை தாங்காமல் பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் வெளியே எடுத்து, ரிங் மாற்றி, அன்று காலைதான் திரும்பப் பூட்டினார்கள். ராடின் அடிப்பகுதியை என்ஜின் தண்டில் வைத்து, கேப் என்கிற அரைவட்ட மூடியைப் போட்டு முடுக்க வேண்டும். எந்த ராடுக்கு எந்தக் கேப் என்று தெரிய இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்தியிருக்கும்; மாறிவிட்டால் தண்டு சுற்றாது. முதல் இரண்டைக் கரீமுல்லா பூட்டினார், மற்ற இரண்டை மர்சலின். ஒவ்வொன்றையும் முடுக்கியதும் என்ஜினைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அன்று பார்க்கவில்லை.

எண்ணெய் ஊற்றி, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால், என்ஜின் கால் சுற்றோடு இறுகி நின்றது.

"கழுவும்போது கேப்பைக் கலந்துட்டியா கரீம்?" என்றார் மர்சலின். சிதம்பரநாதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் முன்னாலேயே மர்சலின் கூட்டாளியைப் பொறுப்பில்லாதவன் என்றும் சொன்னார். கரீமுல்லா ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். மர்சலினும் பின்னாலேயே போய் மல்லாந்து படுத்தார்.

ஊற்றிய எண்ணெயை வடித்து அடித்தொட்டியைக் கழற்றினார்கள். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாம் ராடில் நாலு புள்ளிக் கேப், நான்காம் ராடில் மூன்று புள்ளிக் கேப். முகத்தில் எண்ணெய் சொட்டுவதைத் துடைக்காமல் மர்சலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் போட்டது" என்றார்.

"தெரியும் நைனா."

"அப்போ ஏன் சும்மா இருந்தே?"

"உன் கண்ணு ரெண்டும் ரத்தமாட்டம் கீது. உன்னாண்ட இன்னா பேச?"

மர்சலின் வெளியே வந்து, தப்பு தன்னுடையது, கரீம்மேல் ஒன்றுமில்லை என்று சிதம்பரநாதனிடம் சொன்னார். அவர், வண்டி சாயந்திரத்துக்குள் ஓடினால் சரி என்றார். மர்சலின் மறுபடி குனிந்தபோது, பின் சீட்டில் போய்ப் படுக்கும்படி அடியிலிருந்து கரீமுல்லா அதட்டினார். வண்டியிலிருந்து கழற்றிய அந்தச் சீட்டு சுவரோரம் கிடந்தது. மர்சலின் போய்ச் சாய்ந்து தூங்கிப்போனார்.

எழுப்பியபோது மணி நாலரை. என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கரீமுல்லா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்க மர்சலினுக்கு வரவில்லை. கரீமுல்லாவின் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு சிதம்பரநாதன் அதே வண்டியில் மர்சலினை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஃப்ளோரன்ஸ் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம்.

மர்சலின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.